கடல்நீர் மீன் தொட்டியை 22 அடி நகர்த்திய கதை

போன மே மாதம் அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. சேலத்தில் ஆபரேஷன். வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ் என்று சொன்னது திங்கட்கிழமை காலையில். பிசியோதெரபிஸ்ட் என்னிடம் வீட்டின் அமைப்பை ஒரு பேப்பரில் வரையச் சொன்னார். பார்த்துவிட்டு, "கட்டிலுக்கு மூணு பக்கமும் ஆள் நிக்க இடம் வேணும் சார். பாத்ரூம் பக்கத்துலயே இருக்கணும். நடுவுல படி, நிலை எதுவும் தடுக்கக் கூடாது" என்றார். பாப்பிரெட்டிப்பட்டியில் எங்கள் வீட்டில் இந்த மூன்றும் ஒத்துவருகிற இடம் ஒன்றே ஒன்றுதான்: ஹாலின் கிழக்குச் சுவர். அங்கே நாலடி நீளம், ரெண்டடி அகலம், ரெண்டடி உயரத்தில் என் கடல்நீர் மீன் தொட்டி நின்றுகொண்டிருந்தது.

அதை ஹாலில் இருந்து பின் அறைக்கு மாற்ற வேண்டும். டேப் வைத்து அளந்தேன், 22 அடி. நடுவில் ஒரு நிலைப்படி. கையில் நாலு நாள்.

22 அடிதானே என்று படிக்கிறவர்களுக்குத் தோன்றும். எனக்கும் 2021-இல் அப்படித்தான் தோன்றியது. அப்போது பெங்களூரு ஃபிளாட்டைக் காலி செய்துவிட்டு, வீட்டிலிருந்தே வேலை என்று ஊருக்கு வந்தேன். தொட்டியில் நாலு அங்குல ஆழத்துக்கு மணல் இருந்தது. மணலில்தான் நல்ல பாக்டீரியா இருக்கிறது, அதைக் கலைக்கக் கூடாது என்று எங்கேயோ படித்திருந்தேன். அதனால் மணலை அப்படியே விட்டு, மேலே ரெண்டங்குலத் தண்ணீரும் விட்டு, வண்டியில் ஏற்றி, கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகக் கொண்டு வந்தேன். ராத்திரியே தண்ணீர் ஊற்றி மீன்களை விட்டேன். லேசாக அழுகிய முட்டை வாசனை வந்தது. பயணக் களைப்பில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலையில் ஏழு மீனில் ஐந்து செத்து மிதந்தன. தப்பித்தவை 2015-இல் வாங்கிய கிளவுன் மீன் ஜோடி மட்டும்.

ரொம்ப நாள் நான் வண்டியின் குலுக்கல் மீதும் வெயில் மீதும் பழி போட்டுக்கொண்டிருந்தேன். பிறகு உட்கார்ந்து படித்தபோதுதான் தப்பு என்னுடையது என்று தெரிந்தது. இந்தத் தடவை அந்த ஜோடியையும் சாகடித்துவிடக் கூடாது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டே அம்மா கேட்ட முதல் கேள்வியும், "அந்த ரெண்டுக்கும் தீனி போட்டியாடா கண்ணு?" என்பதுதான். நான் லேப்டாப்பில் மீட்டிங்கில் இருக்கும்போது அவற்றுக்குத் தீனி போட்டு வளர்த்தது அவர்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒரு கடல்நீர்த் தொட்டியை நகர்த்தும்போது உண்மையில் எதை நகர்த்துகிறோம்?

பெரும்பாலானவர்கள் தண்ணீர் என்பார்கள். பழைய தண்ணீரில் ஒரு சொட்டுகூட வீணாகக் கூடாது என்று குடம் குடமாகப் பிடித்து வைப்பார்கள். ஆனால் தொட்டியை உயிரோடு வைத்திருக்கிற நுண்ணுயிர்கள் தண்ணீரில் மிதப்பது மிகக் குறைவு. அவை ஒட்டி வாழ்கிறவை. பாறையின் துளைகள், பைப்பின் உட்சுவர், ஃபில்டர் கல் என்று பிடிமானம் கிடைக்கிற இடத்தில் வழுவழுப்பான படலமாகப் படிந்திருக்கும். மீன் வெளியேற்றுகிற அம்மோனியாவை ஒரு கூட்டம் நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக மாற்றும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் விஷம், நைட்ரேட் அந்த அளவுக்குக் கிடையாது. இந்தச் செயலுக்குப் பின்னால் தனி பாக்டீரியாக்கள் இருப்பதை 1890 வாக்கில் பிரித்துக் காட்டியவர் ரஷ்ய விஞ்ஞானி செர்கெய் வினோகிராட்ஸ்கி. நூறு வருஷத்துக்கு மேல் எல்லாரும் இது பாக்டீரியாவின் வேலை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2005-இல் ஒரு திருப்பம்: பாக்டீரியாவே அல்லாத, ஆர்க்கியா என்ற வேறொரு பெரும் பிரிவைச் சேர்ந்த நுண்ணுயிர் ஒன்றும் அம்மோனியாவைத் தின்று வாழ்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அதற்கு நைட்ரோசோபுமிலஸ் மாரிடிமஸ் என்று பெயர். அது எங்கே கிடைத்தது தெரியுமா? ஆழ்கடலில் இல்லை, அமெரிக்காவின் சியாட்டில் மீன் காட்சியகத்தில், ஒரு கடல்நீர்த் தொட்டியின் அடியில் கிடந்த சரளைக் கல்லில். இதே குடும்பம்தான் உலகப் பெருங்கடல்களிலும் ஏராளமாக இருக்கிறது என்று இப்போது சொல்கிறார்கள். மீன் தொட்டி வைத்திருக்கிறவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு அல்ப சந்தோஷம் உண்டு.

இந்த நுண்ணுயிர்களுக்கு ரெண்டு குணம். ஒன்று, மெதுவாகப் பெருகும். குடலில் இருக்கிற ஈ.கோலை நல்ல சூழலில் இருபது நிமிஷத்தில் இரட்டிப்பாகும், இவற்றுக்கு ஒரு நாள்கூட ஆகலாம். அதனால்தான் புதுத் தொட்டி பழக நாலு, ஆறு வாரம் பிடிக்கிறது. ரெண்டு, காய்ந்தால் செத்துவிடும். ஆக, பாறை ஈரமாகவே இருக்க வேண்டும், அதைச் சுற்றி ஆக்சிஜன் உள்ள தண்ணீர் ஓட வேண்டும். இது சரியாக நடந்தால் தண்ணீர் முழுக்கப் புதிதாக இருந்தாலும் தொட்டி தாங்கும்.

மணல் விஷயம் இதற்கு நேர் எதிர். ஆழமான மணலின் அடியில் ஆக்சிஜன் போகாது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வேறு ஒரு பாக்டீரியாக் கூட்டம் சல்பேட்டை வைத்து வாழ்க்கை நடத்தும். நல்ல தண்ணீர்த் தொட்டியில் சல்பேட் கொஞ்சம்தான் இருக்கும். கடல்நீரில் லிட்டருக்கு 2.7 கிராம். அவற்றுக்கு அது தீராத பண்டாரம். அவை விடுகிற கழிவுதான் ஹைட்ரஜன் சல்பைடு, அழுகிய முட்டை வாசனை. மணலைக் கிளறாதவரை அது கீழேயே கறுப்பாக அடைந்து கிடக்கும், மேலே வருவதற்குள் ஆக்சிஜன் பட்டு உடைந்துவிடும். கிளறினால் மொத்தமும் ஒரே நேரத்தில் தண்ணீரில் கலக்கும். அது தானே விஷம், போதாததற்குத் தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜனையும் பிடுங்கிக்கொள்ளும். கடல்நீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைச்சல்: 27 டிகிரியில் நல்ல தண்ணீர் லிட்டருக்கு ஏறக்குறைய 8 மில்லிகிராம் பிடித்துவைக்கும் என்றால், கடல்நீர் ஆறரைதான். 2021-இல் அந்த ஐந்து மீன்களும் மூச்சுத் திணறிச் செத்திருக்கின்றன. பாதுகாக்க வேண்டும் என்று நான் பொத்திப் பொத்திக் கொண்டு வந்த மணல்தான் அவற்றைக் கொன்றது.

அதனால் இந்தத் தடவை முதல் முடிவு: பழைய மணல் பின் அறைக்கு வராது.

ரெண்டாவது கேள்வி எடை. தம்பி போனில், "மாடியில காத்தோட்டமா இருக்கேண்ணா, அங்க வெச்சிரலாமே" என்றான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 12 மில்லிமீட்டர் கண்ணாடி மட்டுமே 86 கிலோ. தொட்டியில் 360 லிட்டர் தண்ணீர், கடல்நீர் என்பதால் 370 கிலோ. கீழே இருக்கிற ஃபில்டர் தொட்டியில் 80 லிட்டர். பாறை 45, மணல் 40, இரும்பு ஸ்டாண்டு 60. எல்லாம் சேர்த்தால் 700 கிலோவை நெருங்குகிறது. அது நிற்கிற இடமோ முக்கால் சதுர மீட்டருக்கும் குறைவு. ஆக, சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு டன். இந்தியத் தரநிலைப்படி குடியிருப்பு வீட்டின் தளத்தை வடிவமைக்க எடுத்துக்கொள்கிற பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ. அது அறை முழுக்கப் பரவுகிற சுமைக்கான கணக்கு, பீமுக்குப் பக்கத்தில், சுவரை ஒட்டி வைத்தால் தாங்கலாம். ஆனால் நான் படித்தது பி.இ. என்றாலும் சிவில் இல்லை. எங்கள் மாடித் தளத்தில் எத்தனை கம்பி, எங்கே பீம் என்பது கட்டிய மேஸ்திரிக்கும் அப்பாவுக்கும்தான் தெரியும். ரெண்டு பேருமே இப்போது இல்லை. மாடி வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

(இங்கே ஒரு குழப்பத்தைச் சொல்லிவிடுகிறேன். மீன் தொட்டிக்காரர்கள் கீழே இருக்கிற ஃபில்டர் தொட்டியை சம்ப் என்பார்கள். நம்ம பக்கம் சம்ப் என்றால் தரைக்குள் கட்டிய தண்ணீர்த் தொட்டி. கொத்தனாரிடம் "சம்ப்பையும் சேர்த்து நகர்த்தணும்" என்று சொன்னபோது அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!)

கொத்தனாரைக் கூப்பிட்டதற்குக் காரணம் பின் அறையின் தரை. அது ஒரு காலத்தில் திறந்த தாழ்வாரம். மழைத்தண்ணீர் வழிந்து ஓட வாட்டம் கொடுத்திருந்தார்கள். பிறகு சுவர் எழுப்பி அறையாக்கியபோது அந்த வாட்டத்தை யாரும் சரி செய்யவில்லை. ரசமட்டம் வைத்துப் பார்த்தால் நாலடிக்கு 12 மில்லிமீட்டர் இறக்கம். நடந்தால் தெரியாது. ஆனால் கண்ணாடித் தொட்டி சாய்ந்து நின்றால் ஒரு பக்கத்துத் தண்ணீர் மட்டம் உயர்ந்து, அந்தப் பக்கத்து சிலிக்கான் ஒட்டின் மேல் எப்போதும் கூடுதல் இழுவிசை இருக்கும். அதைவிட மோசமானது ஸ்டாண்டின் ஒரு கால் மட்டும் தூக்கிக்கொண்டு சட்டம் முறுக்கிக்கொள்வது. அப்போது அடிக்கண்ணாடி ஒரு புள்ளியில் அழுந்தி விரிசல் விடும். தக்கை வைத்துச் சமாளிக்கலாமா என்று கேட்டேன். "தக்க வெச்சா நாலு நாளைக்கு நிக்கும் சார். ஒரு பலகக் கல்லு போட்டுத் தந்துர்றேன், நாப்பது வருசத்துக்கு நிக்கும்" என்றார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கலவை போட்டு, மேலே கடப்பாக் கல் பதித்து, ரசமட்டத்தை நாலு பக்கமும் வைத்துக் காட்டிவிட்டுப் போனார். வியாழன்வரை அதன் மேல் யாரும் கால் வைக்கவில்லை.

இனி தண்ணீர். இங்கிருந்து கடல் எந்தப் பக்கம் போனாலும் ரொம்பத் தூரம். 1909-இல் மெரினாவில் கடல்நீர்க் காட்சியகம் திறந்தவர்களுக்கு வாசலிலேயே கடல் இருந்தது. எனக்கு வாணியாறு அணையும் போர்வெல்லும்தான். கடல் உப்புக் கலவை பாக்கெட்டில் வருகிறது, லிட்டருக்கு ஏறக்குறைய 38 கிராம் போட வேண்டும். சமையல் உப்பு ஏன் ஆகாது என்று அடிக்கடி கேட்பார்கள். சமையல் உப்பில் சோடியமும் குளோரைடும்தான். கடல்நீரில் லிட்டருக்கு 1.3 கிராம் மக்னீசியம், 0.4 கிராம் கால்சியம், அதே அளவு பொட்டாசியம், மேலே சொன்ன சல்பேட், கொஞ்சம் பைகார்பனேட் எல்லாம் உண்டு. உலகத்தில் எந்தக் கடலில் எடுத்தாலும் உப்பின் மொத்த அளவு கூடக் குறைய இருக்குமே தவிர, இந்த விகிதம் ஏறக்குறைய மாறாது. சேலஞ்சர் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகத்தைச் சுற்றி எடுத்து வந்த 77 மாதிரிகளை வில்லியம் டிட்மர் என்பவர் உட்கார்ந்து பகுத்து இதை உறுதி செய்தார். அந்த விகிதம் மாறாமல் இருப்பதால்தான் கடலைப் பாக்கெட்டில் அடைத்து விற்க முடிகிறது.

தருமபுரி மாவட்டம் என்றதும் ஃபுளோரைடு ஞாபகம் வரும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்பைத் தணிப்பது என்று இருக்கிறது. நானும் முதலில் ஃபுளோரைடுக்குப் பயந்துதான் ஆர்.ஓ. தண்ணீர் பயன்படுத்தினேன். பிறகு கணக்குப் பார்த்தால் சிரிப்பு வந்தது. இந்தியத் தரப்படி குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லை என்றால் 1.5 வரை. சாதாரணக் கடல்நீரில் இயற்கையாகவே 1.3 மில்லிகிராம் இருக்கிறது! கடல்மீன் பிறந்ததிலிருந்தே நம் குடிநீர் வரம்பைத் தாண்டிய தண்ணீரில்தான் நீந்துகிறது. எங்கள் போர்வெல் தண்ணீரின் கோளாறு வேறு: டி.டி.எஸ். 1,100-க்கு மேல், கூடவே நைட்ரேட், சிலிக்கா. அதில் உப்பைக் கரைத்தால் விகிதம் கெடும், பாசி மண்டும். ஆர்.ஓ. மணிக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர்தான் தரும். திங்கள் மதியம் ஓடவிட்டது, புதன் காலைக்குள் ஒரு நீல டிரம் நிறைய 200 லிட்டர். அதில் ஏழரைக் கிலோ உப்பைப் போட்டு, பம்ப் விட்டு ஒரு நாள் முழுக்கச் சுழலவிட்டேன். பழைய தண்ணீரில் 240 லிட்டரை வைத்துக்கொள்வது என்று திட்டம். நுண்ணுயிருக்காக அல்ல. வெப்பம், உப்பு, காரத்தன்மை மூன்றும் மீனுக்கு ஒரேயடியாக மாறக் கூடாது என்பதற்காக. இன்னொரு காரணம், உப்பு விலை.

வியாழன் காலை ஐந்தரைக்கு ஆரம்பித்தோம். தெருவில் இருந்து மூன்று பேர், ஒருவர் கல்யாண வீடுகளில் பாத்திரம் தூக்கிப் பழகியவர். அவர் சொன்ன யோசனைகள் பல என் ஸ்ப்ரெட்ஷீட்டில் இல்லாதவை.

வரிசைதான் முக்கியம். முதலில் எதையும் கலக்காமல் மேலிருந்து தெளிந்த தண்ணீரை டியூப் வைத்து டிரம்களுக்கு இறக்கினோம். அடுத்து பாறைகள், ஒவ்வொன்றாக, வெளிக்காற்றில் அரை நிமிஷம்கூட நிற்காமல் டிரம்முக்குள். பாறை எடுத்த பிறகுதான் மீன் பிடிக்க வேண்டும். பாறை இருக்கும்போது வலையோடு துரத்தினால் அரை நாள் போகும், மீனும் பயந்து சாகும். பாறை போய், தண்ணீர் முட்டளவு குறைந்ததும் கிளவுன் ஜோடியை ஒரு பிளாஸ்டிக் டப்பாவாலேயே மொண்டு எடுத்துவிட்டேன். டாம்சலும் கோபியும் அடுத்து. கிளீனர் இறால் கடைசிவரை பைப்புக்குள் ஒளிந்துகொண்டு எல்லாரையும் படுத்தியது. மிச்சம் இருந்த கலங்கிய தண்ணீரையும் மணலையும் தனியாக வாரினோம். பாறைகளுக்கு அடியில் இருந்த மணலில் கறுப்புத் திட்டுகள். அதே முட்டை வாசனை. பாத்திரக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன சார், சாக்கடையில மீன் வளத்திருக்கீங்க" என்றார்.

இதில் ஒரு எச்சரிக்கை. என் தொட்டியில் பாறையில் ஒட்டி வளர்கிற ஜோவாந்தஸ் கூட்டம் ஒன்று இருக்கிறது, பொத்தான் பூ மாதிரி அழகாக இருக்கும். இந்தக் குடும்பத்துச் சில இனங்களில் பாலிடாக்சின் என்ற விஷம் உண்டு. ஹவாயில் இதே வகை உயிரியிலிருந்து பிரித்தெடுத்து 1971-இல் வெளியிட்டார்கள், இயற்கையில் கிடைக்கிற மிகக் கொடிய விஷங்களில் ஒன்று. பாறையைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீர் ஊற்றுவதோ, கொதிக்க வைப்பதோ, காயவிட்டுச் சுரண்டுவதோ கூடவே கூடாது. ஆவியாகவும் தூளாகவும் மூச்சில் போய் வெளிநாடுகளில் குடும்பத்தோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறார்கள். மறுநாள் ஆபரேஷன் முடிந்த ஆள் வந்து படுக்கப் போகிற வீடு. அந்தப் பாறையை நான் ஒருவனே, கையுறையும் கண்ணாடியும் போட்டு, தண்ணீருக்குள் வைத்தபடியே ஒரு பக்கெட்டில் மாற்றினேன்.

ஏழரை மணிக்குத் தொட்டி காலி. சிலர் கொஞ்சம் தண்ணீர் விட்டு அப்படியே நகர்த்தலாம் என்பார்கள். பத்து சென்டிமீட்டர் தண்ணீர் என்றாலே 72 லிட்டர், அதுவும் ஆடுகிற எடை. நிலைப்படியில் ஒரு பக்கம் தூக்கும்போது மொத்தமும் மறுபக்கம் பாயும். காலித் தொட்டியை நாலு பேர் கயிற்றுப் பட்டையில் தூக்கி, நிலைப்படியைத் தாண்டி, கடப்பாக் கல் மேல் நின்ற ஸ்டாண்டில் வைத்தோம். 22 அடியைக் கடக்க நாலு நிமிஷம் ஆகியிருக்கும்.

எட்டே காலுக்குக் கரண்ட் போனது.

எல்லாம் டிரம்மில் இருக்கிறது, மே மாத வெயில் ஏறுகிறது. இன்வெர்ட்டரில் காற்று பம்ப் மட்டும் ஓடவிட்டேன், கூடவே பேட்டரி பம்ப் ஒன்று. காற்றுக் குமிழி ஒரு நிமிஷம்கூட நிற்கக் கூடாது என்பதற்கு மூச்சு மட்டும் காரணமில்லை. மூடிய டப்பாவில் மீன் விடுகிற கரியமில வாயு சேர்ந்து பி.எச். இறங்கும். அப்போது அம்மோனியா பெரும்பாலும் தீங்கு குறைந்த அம்மோனியம் வடிவில் அடங்கி இருக்கும். பிறகு திறந்து திடீரென்று காற்றூட்டினால் பி.எச். ஏறும். ஒரு பி.எச். ஏறினால் நச்சு வடிவம் ஏறக்குறைய பத்து மடங்கு. கூரியரில் வந்த மீன் பையைத் திறந்து, மணிக்கணக்கில் பக்குவப்படுத்துகிறேன் என்று சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுகிறவர்கள் மீன்களை இழப்பது இதனால்தான். ஆரம்பத்திலிருந்தே குமிழி ஓடினால் இந்தப் பொறி இல்லை.

வெப்பத்துக்கு ஃபேன் போதுமானதாக இருந்தது. கணக்கு எளிது: ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக 2.4 மெகாஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். மொத்தத் தண்ணீரான 440 லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் ஆவியானால் 1.3 டிகிரி குறையும். கடற்கரை ஊர்களில் காற்றில் ஈரம் அதிகம், ஃபேன் அவ்வளவு வேலை செய்யாது. நம்ம ஊர் வறட்சிக்கு இந்த ஒரு விஷயத்தில் நன்றி சொல்ல வேண்டும்.

டிரம்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது மன்னார் வளைகுடா ஞாபகம் வந்தது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப்பாறை. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல பத்தாண்டுகள் பாறைகளை வெட்டியெடுத்தார்கள். வெட்டிய இடத்தில் மிஞ்சியது உருளுகிற சல்லி. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002-இலிருந்து அங்கே பவளத் துண்டுகளை நட்டு வருகிறது. முறை ரொம்பச் சாதாரணமானது: நல்ல நிலையில் இருக்கிற பவளத்திலிருந்து துண்டு எடுத்து, கான்கிரீட் சட்டங்களில் கட்டி, கடலடியில் இறக்குவது. சல்லியிலும் மணலிலும் போட்டால் அலை உருட்டும், மண் மூடும், துண்டு செத்துவிடும். ஆடாத அடித்தளம் கிடைத்தால் பிடித்துக்கொள்ளும். என் வீட்டிலும் அதே பாடம்தான், மணலை விடு, பாறையைப் பிடி. 2020-இல் மும்பை கடற்கரைச் சாலைக்காக வொர்லி, ஹாஜி அலி பக்கம் 18 பவளத் திட்டுகளைத் தேசியக் கடலியல் நிறுவனத்தின் துணையோடு இடம் மாற்றினார்கள். கையளவு பவளம்தான், ஆனாலும் வனவிலங்குச் சட்டத்தின்படி அனுமதி வாங்காமல் தொட முடியவில்லை.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. உங்கள் தொட்டியில் பவளம் இருக்கிறதா, எங்கே கிடைக்கும் என்று எனக்கு மெயில் வருகிறது. கல் பவளம், கடல் விசிறி, கரும்பவளம், நெருப்புப் பவளம் எல்லாம் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. புலிக்கு இருக்கிற அதே அட்டவணை. செத்த துண்டும் அதில் அடக்கம். தண்டனை 3 முதல் 7 ஆண்டு சிறை. என் பாறைகள் சிமெண்டும் சிப்பித் தூளும் கலந்து நானே வார்த்து, காரம் இறங்க மாதக்கணக்கில் தண்ணீரில் ஊறவைத்தவை. கிளவுன் மீன் வாங்குவதானால் குஞ்சு பொரிப்பகத்து மீனாக வாங்குங்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் அதை இனப்பெருக்கம் செய்து காட்டியிருக்கின்றன. கடலிலிருந்து பிடித்து வருகிற மீனைவிட அது தொட்டி வாழ்க்கைக்கும் நன்றாக ஒத்துவரும்.

பதினொன்றரைக்குக் கரண்ட் வந்தது. கழுவிய புது மணல் ஒன்றரை அங்குலத்துக்கு, பாறை, பழைய தண்ணீர், புதுத் தண்ணீர், வெப்பமும் உப்பும் சரிபார்த்து மீன். மூன்று மணிக்குக் கிளவுன் ஜோடி உள்ளே போனது. பெண் மீன் நேராகத் தன் பழைய பாறையைத் தேடிப் போனது. ஆண் மீன் வழக்கம்போல அதன் பின்னால். (இந்த மீன்களில் கூட்டத்தில் பெரியதுதான் பெண். அது செத்தால் ஆண் மீன் பெண்ணாக மாறிவிடும்.) ராத்திரி ஒன்பதுக்கு அம்மோனியா சோதித்தேன், ஒன்றும் இல்லை. வெள்ளி காலையில் மஞ்சளில் லேசாகப் பச்சை, 0.25. வயிற்றைக் கலக்கியது. வைத்திருந்த மிச்ச உப்பில் 60 லிட்டர் கலந்து மாற்றினேன், தீனியை நிறுத்தினேன். சனிக்கிழமையும் அதே நிறம். ஞாயிற்றுக்கிழமை மஞ்சளுக்குத் திரும்பியது. பாறையில் ஏதோ கொஞ்சம் செத்திருக்கும், மிச்சம் இருந்தது ஈடுகட்டிவிட்டது. டாம்சல் மட்டும் மூன்றாம் நாள் போய்விட்டது. ஏன் என்று தெரியவில்லை, உடம்பில் காயம் எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் ஆம்புலன்ஸில் அம்மா வந்தார். கட்டிலில் படுத்ததும் கிழக்குச் சுவரைப் பார்த்தார். "சத்தமே இல்லையேடா" என்றார். பம்ப் சத்தத்தைச் சொல்கிறார். இருக்கா என்று கேட்டார், இருக்கும்மா என்றேன். நம்பவில்லை. போனில் வீடியோ எடுத்துக் காட்டினேன். மூன்றாவது வாரம் வாக்கர் வைத்து நிலைப்படிவரை போய் நின்று பார்த்துவிட்டு, இளைத்துப்போய்விட்டன என்று என்னைத் திட்டினார்.

கடைசியாக, யாரும் எழுதாத ஒரு பிரச்சினை: மிஞ்சிய உப்புத் தண்ணீர். கலங்கியதும் மாற்றியதும் சேர்த்து 200 லிட்டருக்கு மேல், அதாவது ஏழு கிலோ உப்பு. கடற்கரை ஊரில் யோசிக்க வேண்டியதே இல்லை. இங்கே பின்பக்கம் மஞ்சள் வயல், பக்கத்து வீட்டுக் கிணறு. மண்ணில் ஊற்றினால் மண் போகும், செப்டிக் டேங்கில் ஊற்றினால் அதன் பாக்டீரியா போகும். மொட்டை மாடியில் செங்கல் அடுக்கி, மேலே தார்ப்பாய் விரித்துப் பாத்தி கட்டி, குடம் குடமாகத் தூக்கி ஊற்றினேன். மே வெயிலில் ஒன்பது நாளில் காய்ந்து, சாம்பல் நிறத்தில் படிந்தது. சுரண்டி ஒரு பழைய பெயிண்ட் டப்பாவில் வைத்திருக்கிறேன். மணலைக் கழுவி, இன்னும் ரெண்டு மழை பார்த்துவிட்டு என்ன செய்வதென்று யோசிக்க வேண்டும்.